ஒருமனதாக ஒரு குழாய்

மனித குலத்தின் பெரிய மாற்றங்கள் எல்லாம் யாரோ குரலை உயர்த்தியதால்தான் தாமதமாயின. இது கேசவனின் உறுதியான கருத்து. இதையும் அவர் மெதுவாகத்தான் சொல்வார்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அறுபத்து நான்கு வீட்டு அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் அவர். அங்கே யாருக்கும் பிடிக்காத ஒரு கருத்து அவரிடம் இருந்தது: வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்.

அவர் வீட்டில் வேலை செய்யும் வரலட்சுமி திருக்கழுக்குன்றத்திலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வருவார். ஐந்து வீடு முடித்துத் திரும்ப மூன்று மணி. அதுவரை தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் போக இடமில்லை. சிறுநீர்த் தொற்று இரண்டு முறை வந்துவிட்டது. தினம் மூன்று லிட்டர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

பொதுக்கூட்டத்தில் இதை முதலில் எழுப்பியவர் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஷாரோன். மதுராந்தகத்துப் பெண், பாங்கில் வேலை. விஷயம் சரி. முறைதான் தவறு.

"காலைலேர்ந்து அடக்கிக்கினு உங்க கக்கூஸைக் கழுவுறாங்க. வெக்கமா இல்ல?"

கூட்டம் புண்பட்டது. ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் லோகநாயகி எழுந்தார்.

"விஷயத்தை விடுங்க. அந்தத் தொனி! எனக்கு பிபி ஏறிடுச்சு."

தொனியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. கழிப்பறையைப் பற்றிப் பேச நேரமில்லை.

கேசவன் ஷாரோனைத் தனியே அழைத்தார்.

"உண்மையை எடுத்து மூஞ்சியில வீசக் கூடாதும்மா."

"வேற எங்க சார் வீசறது?"

"கொஞ்சம் தள்ளி வைக்கணும். அவங்களா பாத்துப்பாங்க."

"அதுக்குள்ள அந்தக்கா கிட்னி போயிடும்."

"பாத்தியா, மறுபடியும் தொனி."

கேசவனின் 'மென்வழி இயக்கம்' எட்டு மாதம் நடந்தது. வீடு வீடாகப் போனார். அறுபத்து மூன்று காபி குடித்தார். அவருக்குச் சர்க்கரை வேறு. பெரும்பாலான வீடுகளில் கழிப்பறையையும் பயன்படுத்திக்கொண்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

திட்டத்தில் மட்டும் ஆளுக்கொரு சிறு திருத்தம் சொன்னார்கள். நாற்றம் வரும் என்றதும் கழிப்பறைப் பீங்கான் நீக்கப்பட்டது. பீங்கான் இல்லாத இடத்துக்குக் கதவு எதற்கு என்று முதல் மாடி ஹரிகிருஷ்ணன் கேட்டார், நியாயமாகப்பட்டது. மறைப்புச் சுவர் கடலை மறைத்தது. கூரை, சுவர் இல்லாமல் நிற்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். மிஞ்சியது ஒரு குழாய். அதை யாராலும் எதிர்க்க முடியவில்லை. லோகநாயகியே வழிமொழிந்தார். அறுபத்து நான்கு வீடும் ஆதரவு. இந்த அடுக்ககத்தில் இதற்கு முன் ஒருமனதாக எதுவும் நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. குழாய்க்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேலே பலகை: 'பணியாளர் நலக் குடிநீர்'. கேசவனுக்குப் பொன்னாடை. முதல் டம்ளர் வரலட்சுமிக்கு.

வரலட்சுமி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குழாயைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"தண்ணி. டாக்டர் சொன்னார்ல? மூணு லிட்டர்."

"குடிச்சிட்டு எங்க போறது?"

"அது இரண்டாம் கட்டம்."

"உங்க வூட்ல ரெண்டு கீதே சார். நாந்தான தெனம் கழுவுறேன்."

கேசவன் குரலைத் தாழ்த்தினார். "அதை எங்க வீட்டம்மாகிட்ட பக்குவமா ஆரம்பிக்கணும், வரலட்சுமி. எட்டு மாசமா நேரம் பாத்துட்டு இருக்கேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி வைஷாலி திரும்பினார். "என்கிட்ட என்ன ஆரம்பிக்கணும்?"

"ஒண்ணுமில்ல. நீ பிஸ்கட் எடுத்துக்கோ."

வரலட்சுமி டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். கூட்டம் கைதட்டியது. இன்னொன்று பிடித்தார். அதையும் குடித்தார். ஐந்தாவது டம்ளரில் கைதட்டல் நின்றது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"வூட்டு சாவிய குடு சார்."

"தொனி!" என்றார் லோகநாயகி.

அறுபத்து நான்கு வீடும் செயலாளரைப் பார்த்தது. கேசவன் பேன்ட் பையில் கைவிட்டார். சாவி இருந்தது. அது குலுங்கி யாரையும் புண்படுத்திவிடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.