சோத்திரிஸ் அத்தானின் ஆறு ஆரஞ்சு

ரென்மார்க்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய சோத்திரிஸ் அத்தானுக்கு, மைத்துனன் லாசரஸ் பணிந்து எழுதுவது. இங்கு நானும் உங்கள் கோழிகளும் நலம். அடிலெய்டில் உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு மாதாவுக்கு விளக்கேற்றினேன். கட்டு அவிழ்த்ததும் இதை நீங்களே படியுங்கள். அக்காவிடம் கொடுக்காதீர்கள், கொன்றுவிடுவாள்.

அத்தான், கண்காட்சிப் போட்டிக்காக நீங்கள் காம்பு சிதையாமல் வெட்டி, தாளில் பொதிந்து, குளிர் அறையில் வைத்துவிட்டுப் போன ஆறு ஆரஞ்சும் இப்போது இல்லை. திங்களன்று அக்கா போனில் அழுதாள். "பிரஷர் நூத்தி எண்பதுடா லாசரஸ், இறங்கினாத்தான் கத்தி வைப்பேன்னுட்டாரு டாக்டர்" என்றாள். ஆரஞ்சுத் தோல் பொடி பிரஷரை இறக்கும், கொழுப்பைக் கரைக்கும், மலச்சிக்கலை விரட்டும் என்று நான் ஊரெல்லாம் பிரசங்கம் செய்வது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் இருந்ததெல்லாம் கடைக்கு அனுப்பும் பாக்கிங் ஷெட் பழம், பளபளப்புக்காகத் தோல் முழுக்க மெழுகு. மெழுகு படாதது உங்கள் ஆறுதான். ஒன்றை மட்டும் எடுப்போம் என்றுதான் கை வைத்தேன், சத்தியமாக. ஆனால் தட்டில் ஆறு இல்லாவிட்டால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்களே, ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மீதியையும் உரித்து, காயவைத்து, அரைத்து, புட்டியில் அடைத்து, உங்களுக்காகப் பஸ்ஸில் அனுப்பினேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். உங்கள் பேர் போட்ட தட்டு காலியாகக் கிடக்க வேண்டாமே என்று ஷெட் பழம் ஆறை அடுக்கி வைத்தேன், புத்தி கெட்டவன். நேற்று நடுவர் அம்மா கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். "மெழுகு! எடுங்க இந்தத் தட்ட." உடனே உங்கள் எதிரி கொலின், "இருபது வருஷமா ரெண்டாவதா வந்தவரு, கடைசில கடைப் பழத்துல இறங்கிட்டாரு பாருங்க" என்றான். மண்டபமே சிரித்தது. அத்தான், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். வெளியே வந்து அழுதேன். நாளைக்குக் கோயில் முடிந்ததும் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பரிசுக் கோப்பை போனா போகுது, என் பொடியால பிரஷர் இறங்கிச்சே, கண்ணு கெடச்சுதே, அந்த ஒரு ஆறுதல்லதான் தொண்டையில ரொட்டி இறங்குது.

உங்கள் கண்ணுக்கு ஒளியும், நாளைக்கு என் நாக்குக்குத் துணிச்சலும் தர மாதாவை வேண்டும்,
லாசரஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்கா போன் செய்தாள். பொடி எப்படி வேலை செய்தது என்று கேட்டேன். "ஐயோ, கசக்குதுன்னு அவரு நாக்குலயே வைக்கலடா. மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க, இறங்கிடுச்சு. பொடிய பாத்ரூம்ல தெறந்து வச்சிருக்கேன், நாத்தமே இல்ல. கட்டு அவுத்ததும் வீட்டுக்கு வந்து மொதல்ல இந்த வருஷம் ஜெயிச்ச கோப்பையத்தான் பாக்கணுங்கிறாரு, தொடச்சு வையி" என்றாள். அத்தான், பாத்ரூமுக்குப் போனால் ஒரு நிமிஷம் நின்று நன்றாக மூச்சிழுங்கள். உங்கள் ஆறு பழமும் அங்கேதான் இருக்கிறது.