ஒரே வரியிலை அழிச்ச தோட்டம்

என்ர சனிக்கிழமையிலை ஆரையும் கைவைக்க விடமாட்டன் எண்டு போன வியாழக்கிழமை மத்தியானம் சபதம் எடுத்தன். சாட்சிக்கு ஆருமில்லை. மனிசி கடைக்குப் போயிருந்தா. சபதம் எடுக்க அதைவிட நல்ல நேரம் வராது.

விசயம் இதுதான். ஜேர்மனியிலை டுசல்டோர்ஃப் நகரத்துக்கு வெளியாலை தோட்டச் சங்கம் ஒண்டு இருக்கு. அடுக்குமாடியிலை இருக்கிற சனத்துக்கு ஆளுக்கொரு துண்டுக் காணியும் ஒரு குட்டி மரக்கொட்டிலும் குடுப்பினம். சுகன்யாதேவி, அதுதான் என்ர மனிசி, அதுக்கு ஆறு வருசமாக் காத்திருப்புப் பட்டியலிலை நிண்டா. பட்டியல் நகராது எண்ட நம்பிக்கையிலை நானும் "ஓம் ஓம், கிடைச்சால் நல்லதுதான்" எண்டு தாராளமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதல் இணையத்திலை டிஜிட்டல் கையெழுத்து வைச்சு உறுதிப்படுத்தவேணும். தவறினால் காணி அடுத்த ஆளுக்கு.

"மிளகாய் வைப்பம், வெண்டி வைப்பம், முருங்கையும் ஒண்டு வைச்சுப் பாப்பம் என்னப்பா."

"இந்தக் குளிருக்கு முருங்கை நிக்குமே?"

"நீங்கள் முப்பது வருசமா நிக்கேல்லையே? அதுவும் நிக்கும்."

திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் நான் பார்சல் களஞ்சியத்திலை பெட்டி தூக்கிறவன். சனிக்கிழமை நானும் சோபாவும் மாத்திரம். அதுக்கு நடுவிலை மண்வெட்டி வர ஏலாது.

நல்லகாலம், எனக்குக் கொம்பியூட்டர் தெரியும். தெரியும் எண்டு எங்கட ஆக்களுக்குள்ளை ஒரு பேர் இருக்கு, அது போதும். மற்றவை எலியைப் பிடிச்சு அமத்திக்கொண்டிருக்க, நான் திரையிலை அந்தக் கறுப்புக் கட்டளை யன்னலைத் திறந்து, வெள்ளை எழுத்திலை கட்டளை அடிப்பன். பின்னாலை நிக்கிறவை தன்னாலை இரண்டடி விலகுவினம்.

டிஜிட்டல் கையெழுத்து வைக்கக் கொம்பியூட்டருக்குள்ளை ஒரு சான்றிதழ் இருக்கவேணும். "இவர் இவர்தான்" எண்டு சத்தியம் பண்ணுற சின்னக் கோப்பு. எங்கட மடிக்கணினியிலை இரண்டு இருந்தது. ஒண்டு தேவிக்கு, ஒண்டு எனக்கு. என்ரையது வேலையிடத்து இணையத்தளத்துக்கு. அரை வருசத்துக்கு ஒருக்கா அதோடை உள்ளை போய் "எனக்குச் சனிக்கிழமை வேலை வேண்டாம்" எண்டு பதியவேணும். பதியாட்டில் சனிக்கிழமை விடிய நாலு மணிக்குப் பெட்டி தூக்கவேணும். அதுக்கும் கடைசி நேரம் அதே வெள்ளி பன்னிரண்டு மணி. ஜேர்மனியிலை எல்லாக் கெடுவும் அந்த நேரம் பாத்துத்தான் சாகிறது.

தேவியின்ரை சான்றிதழை அழிச்சுவிட்டால்? புதுசு எடுக்கப் பத்து நாளாகும். தோட்டம் போச்சு!

சந்தோசம் தாங்கேலாமல் கூட்டாளி பென்ஜமினுக்குப் போன் அடிச்சன்.

"அண்ணை, பிழைச்சுப்போனால்?"

"கறுப்பு யன்னலிலை பிழைக்காது பென்ஜமின். நான் சொல்லுறதை அது அப்பிடியே செய்யும்."

"அக்கா சொல்லுறதை நீங்கள் செய்யிறமாதிரியோ?"

போனை வைச்சிட்டன். சில பேருக்குத் தொழில்நுட்பம் விளங்காது.

ஒவ்வொரு சான்றிதழுக்கும் நாப்பது எழுத்திலை ஒரு அடையாள எண் இருக்கு. முறைப்படி அதைக் குடுத்துத்தான் அழிக்கவேணும். நாப்பது எழுத்தை ஆர் குந்தியிருந்து அடிக்கிறது? பேரைக் குடுத்தாலும் காணும். எங்கட வழக்கப்படி மனிசிக்குக் குடும்பப்பேர் புருசன்ரை பேர். ஜேர்மன் கடதாசி முழுக்க அவ திருமதி சிவகுருநாதன். ஆகவே "சிவகுருநாதன் எண்ட பேர் உள்ளதை அழி" எண்டு ஒரே ஒரு வரி அடிச்சன். என்டரை அமத்தினன். யன்னல் மூச்சுக்கூட விடேல்லை. நானும் எழும்பிப் பின்னேர வேலைக்குப் போட்டன்.

வெள்ளி காலமை பதினொண்டேகால்.

"இஞ்சாருங்கோ, என்ர சான்றிதழைக் காணேல்லை."

"அப்பிடியே?" முகத்திலை கவலையை அப்பிக்கொண்டு போனன். "காலம் முடிஞ்சிருக்கும். புதுசுக்கு விண்ணப்பம் போட்டால் பத்து நாள்."

"அப்ப தோட்டம்?"

"என்ன செய்யிறது தேவி. எனக்கும் மனவருத்தம்தான். முருங்கைக்காய்க் குழம்பு வாயிலை நிண்டது."

"பாவம் நீங்கள். சரி, உங்கடை சனிக்கிழமையைப் பதிஞ்சிட்டியளோ?"

"இந்தா, ஒரு நிமிச வேலை."

இருந்தன். வேலையிடத்து இணையத்தளம் என்னை உள்ளை விடேல்லை. சான்றிதழ் இல்லையாம். கறுப்பு யன்னலைத் திறந்து பட்டியலைப் பாத்தன். துடைச்ச கோப்பை மாதிரி இருந்தது.

அப்பதான் உறைச்சுது. ஐயோ, சிவகுருநாதன் நானெல்லோ! அவவுக்கு அது குடும்பப்பேர், எனக்கு அது சொந்தப் பேர். இரண்டிலையும் இருந்திருக்கு. இரண்டையும் வழிச்செடுத்திட்டன்.

"ஏனப்பா வேர்க்குது? யன்னலைத் திறக்கட்டே? சுவரிலை இருக்கிற யன்னலைச் சொல்லுறன்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, முந்தி அடிச்ச கட்டளையைத் திரும்பக் காட்டுற மேல் அம்புக்குறியை இரண்டுதரம் அமத்தினா. நேற்று நான் அடிச்ச வரி அப்பிடியே எழும்பி வந்து நிண்டுது.

"பேரைக் குடுத்தே அழிச்சனீங்கள்? எண்ணைக் குடுத்திருக்கவேணும்."

"உமக்கு... இதெல்லாம் எப்பிடி..."

"நான் எங்கை வேலை செய்யிறன்?"

"முதியோர் இல்லத்திலை. வயசுபோன ஆக்களைக் குளிப்பாட்டி..."

"அது எட்டு வருசத்துக்கு முந்தி. பிறகு நான் படிச்சு, இப்ப அங்கை நாப்பது கொம்பியூட்டருக்கு இந்தச் சான்றிதழ் போடுறது, எடுக்கிறது, புதுப்பிக்கிறது எல்லாம் நான்தான். உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் கிரிக்கெட் பாத்துக்கொண்டு 'ஓம் ஓம்' எண்டனீங்கள்."

எனக்கு உண்மையிலேயே வெக்கமாப் போச்சுது. அரை நிமிசம் வெக்கப்பட்டன். பிறகு மணியைப் பாத்தன். பதினொண்டரை!

"தேவி, பிரதி ஏதும் வைச்சிருக்கிறீரோ?"

கைப்பையிலை இருந்து ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கை எடுத்தா. இரண்டு சான்றிதழும் கடவுச்சொல்லோடை அதுக்குள்ளை இருந்தது.

"என்ரையைப் போடுறன். உங்கடை எதுக்கு? சனிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனால் தோட்டத்துக்கு வரத் தேவையில்லையே."

கெட்டிக்காரி. ஒரு பக்கம் விடிய நாலு மணிப் பெட்டி. மற்றப் பக்கம் வெய்யில், காத்து, மரநிழல்.

"தோட்டத்திலை கதிரை போட இடமிருக்குமே?"

"தாராளமா."

"அப்ப என்ரையையும் போடும். சத்தியமா வாறன்."

"வந்து?"

"மேற்பார்வை பாக்கிறன்."

சிரிச்சா. "நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ. வர எல்லாம் சரியா இருக்கும்."

குசினியிலை இருந்தே கேட்டுது, சடசடவெண்டு மூண்டு நாலு வரி அடிக்கிற சத்தம். எனக்கு ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். தேத்தண்ணியோடை வந்தன். தோட்டம் உறுதி. ஆறு மாசத்துச் சனிக்கிழமை முழுக்க எனக்கு வேலை இல்லை. இரண்டு தரம் எண்ணிப் பாத்தன். அவவுக்குக் காணி, எனக்குக் கதிரை. தோத்ததெண்டு ஆர் சொல்லுறது?

அப்ப என்ர பேருக்கு ஒரு மின்னஞ்சல் விழுந்தது. தோட்டச் சங்கத் தலைவர்.

"மதிப்புக்குரிய ஐயா, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பது தொடக்கம் ஒரு மணி வரை சங்கத்தின் வேலி வெட்டவும், பாதை கூட்டவும், பொதுக் கழிவறை கழுவவும் தாங்கள் டிஜிட்டல் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்றதற்கு நன்றி. இருபது வருடத்தில் தானாக முன்வந்த முதல் ஆள் தாங்கள்தான்."

"தேவி! இதென்ன கூத்து?"

நான் போட்ட தேத்தண்ணியை ஆற அமர ஒரு மிடறு குடிச்சா.

"சான்றிதழைத் திரும்பப் போட்டால், வேலை செய்யுதோ எண்டு ஒரு கையெழுத்து வைச்சுப் பாக்கவேணுமெல்லோ. வைச்சுப் பாத்தன். நல்லா வேலை செய்யுது."