உன் அக்காவைப் பற்றி உன் அக்கா கையால் ஒரு புகார்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் சொல்லச் சொல்ல எழுதியது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டார்களே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நீ பத்தாவதில் இரண்டாம் தரம் கோட்டை விட்டாய். நான் சாரத்தில் சறுக்கி, ஒரு வாளி பச்சைப் பெயிண்டை வங்கி மேலாளர் தலையில் கவிழ்த்தேன். அதே வருஷம்தான் உன் அக்காவுக்கு இடது மார்பில் புற்றுக்கட்டி என்றார்கள். "பரீட்சையில தோத்தவன் அழுதா நியாயம், நீங்க எதுக்கு அழறீங்க?" என்று என்னைக் கேட்டாளே, மறக்குமா?

போனில் சொல்லலாம் என்றால் பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கோ எழுத்து வாசனை கிடையாது. ஆகவே அவளைப் பற்றிய புகாரை அவளிடமே சொல்லி எழுத வைத்து, வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்கிறேன். உன் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. 'கொஞ்சம்' என்று அவளாகச் சேர்த்திருந்தாள். படிக்கும்போது குரல் இறங்கியதில் பிடித்து, அந்தச் சொல்லை அடிக்க வைத்தேன். அவள் தையல் மிஷின் சத்தம் எனக்கு மனப்பாடம். முன்பு ஒரு தலையணை உறை ஒரே ஓட்டத்தில் முடியும். இப்போது பாதியில் நிற்கிறது. கேட்டால், "நூல் அறுந்துபோச்சுங்க" என்கிறாள். நூல் கடைக்காரரோ, "அந்த நூல்ல லாரியையே கட்டி இழுக்கலாம்" என்கிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் அழுந்திய தடம் காலில் அப்படியே நிற்கிறது. மாடிப்படி நடுவில் நின்று சுவரைத் தடவி, "பெயிண்ட் உதிருது, பாத்தீங்களா?" என்று என் தொழிலைக் குறை சொல்லியே மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் வருஷப் பரிசோதனையில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அன்னைக்குக் கொடுத்த மருந்தும் கதிர் சிகிச்சையும்தான் உயிரைக் காப்பாத்துச்சு. ஆனா சிலருக்கு ரொம்ப வருஷம் கழிச்சு அதுவே இதயத்தைத் தளர்த்தும். உங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வேற சேர்ந்திருக்கு. இப்பவே பாத்தா மருந்துல சமாளிக்கலாம். இதய டாக்டரைப் பாருங்க." உன் அக்கா சிரித்தாள். "புலிகிட்ட தப்பிச்சவ நான். இந்தப் பூனை என்ன டாக்டர் பண்ணும்?" அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே மிஷினைச் சத்தமாக ஓட்டுகிறாள். நீ உடனே புறப்பட்டு வந்து ஒரு அதட்டுப் போடு. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி சொன்னால் கேட்பாள்.

அன்று அவளோடு அதே நோய்க்குச் சிகிச்சை எடுத்த மூன்று பேரை உனக்குத் தெரியும்: டீச்சர், மீன்கடைக்காரி, நெட்டை. ஆண்டுதோறும் ஒரே நாளில் பரிசோதனைக்கு வருவார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கேண்டீன் மேசையில் கேக் வெட்டுவார்கள். முடி திரும்ப முளைத்த முதல் வருஷம், நாலு பேரும் பையன்கள் மாதிரி கிராப்புத் தலையோடு சிரித்த சிரிப்பில், வெளியே பெஞ்சில் இருந்த புருஷன்மார்கள் நாங்கள் எட்டிப் பார்த்தோம். "பாருடி இவங்க மூஞ்சிய," என்றாள் மீன்கடைக்காரி, "நாம பொழச்சதுல இவங்களுக்குச் சோறு நிச்சயமாச்சு." இன்று நினைத்தாலும் அந்தச் சத்தம் இனிக்கிறது.

டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சரிந்தார், மாரடைப்பு. மீன்கடைக்காரிக்குச் சர்க்கரை காலில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிந்தது. நெட்டையின் இதயம் வீங்கிப்போய்த் தூக்கத்திலேயே நின்றுவிட்டது. மூவரையும் பழைய நோய் திரும்பித் தொடவே இல்லை மச்சான். இந்த இடத்தில் உன் அக்கா, "மை தீர்ந்துபோச்சு" என்றாள். பேனாவை உதறிக் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. எல்லாரும் நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் இருங்கள்.

இப்படிக்கு,
அத்தான் (பெருவிரல் ரேகை; பச்சை நிறம் பெயிண்ட்தான், பயப்படாதே)

பி.கு.: கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலி அம்மா எழுதித் தருகிறார். நீ கிளம்ப வேண்டாம், யாரையும் அதட்டவும் வேண்டாம். உன் அக்கா உள்ளே படுத்திருக்கிறாள், மார்பில் கம்பி ஒட்டி இதயத்தைப் பார்க்கிறார்கள். காலையில் வீட்டில் உறையை ஒட்டப் போகுமுன் கடிதத்தை ஒரு தரம் மனசுக்குள் படித்தாள். பிறகு, "ஏங்க, அந்தக் கேண்டீன் மேசையில இப்ப மிச்சம் யாரு?" என்று கேட்டாள். செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்துவிட்டுச் சொன்னேன்: "நீ மட்டுந்தாண்டி."