கிருமி அண்ணையின் கான்

திருகோணமலையில் கிருமிக்குப் பயப்படாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். கிருமிகள்தான் அவருக்குப் பயந்து நடந்திருக்க வேண்டும். விவசாயக் கந்தோர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கிருமி அண்ணை.

மூங்கிலடி மண்ணும் கஞ்சியும் சர்க்கரையும் கலந்து, மண்ணுக்கு நல்லது செய்யும் கிருமிகளை ஒரு பிளாஸ்ரிக் கானில் வளர்த்தார். மூன்று தரம் தட்டித்தான் மூடியைத் திறப்பார்.

"உறங்குற பிள்ளையளைத் திடுக்கிட வைக்கக் கூடாது, தங்கச்சி" என்பார் என்னிடம்.

சண்டைக் காலம். கடலுக்குப் போகத் தடை. என் மனிசனின் தோணி சல்லிக் கிராமத்துக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. என் கத்தரித் தோட்டத்தால்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அதற்குப் போய், பூச்சி மருந்தென்று நினைத்து, தம்பி வயலில் களை சாக வாங்கி வைத்த புல்லு மருந்தை அடித்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல். எனக்கு வாசிக்கத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். அன்று கண்ணாடி கையில் இல்லை. மூன்றாம் நாள் இலையெல்லாம் முறுக்குப் பிழிந்த மாதிரிச் சுருண்டது.

அண்ணை வந்து பார்த்தார். "எவ்வளவு கலந்தனீங்கள்?"

"அரை மூடி. கண்ணாடி இல்லாமல் போத்தல் மாறிப் போச்சு."

"உங்கட கஞ்சத்தனம்தான் காப்பாத்தினது. நாளைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

மறுநாள் சந்தையால் திரும்பிய நான் ஆமியின் சென்றிச் சோதனை வரிசையில், கானோடு நின்ற அண்ணைக்குப் பின்னால் நின்றேன். ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் கேட்டான்: "கானில என்ன?"

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "மருந்துக்கு மருந்து, ஐயா!"

அந்த நாளில் மருந்தென்றால் வெடிமருந்தும்தான். துவக்குகள் நிமிர்ந்தன. அண்ணையோடு என் கத்தரியும் போய்விட்டதென்றே நினைத்தேன்.

"திற!"

அப்போதும் அந்த மனிசன் மூன்று தரம் தட்டினார். ஆமிக்காரர் பாய்ந்து பின்வாங்கினார்கள். மூடி திறந்தது. புளித்த வாடை எழும்பியது. துவக்குப் பிடித்த கைகள் மூக்கைப் பிடித்தன. "போ! போ!"

அதன் பிறகு அந்தச் சென்றியில் சோதிக்காமல் விட்ட ஒரே சாமான் அந்தக் கான்தான்.

கானில் இருந்ததை மக்கிய மாட்டெருவில் பிசைந்து செடியடியில் வைத்தார். பாதி செத்தது. மற்றப் பாதி, மெல்ல மெல்ல, நேரான இலை விட்டது. அடுப்பும் எரிந்தது.

அயலார் விசாரித்தபோது அண்ணை முந்திக்கொண்டார். "எங்கேயோ அடிச்ச புல்லு மருந்தைக் காத்துக் கொண்டுவந்திட்டுது. இவ என்ன செய்யிறது?"

பிறகு அந்த மருந்துப் போத்தல்கள் இரண்டையும் வாங்கி, ஒன்றில் கத்தரிக்காயும் மற்றதில் புல்லும் பெயின்ரால் படமாகக் கீறித் தந்தார்.

"கண்ணாடியை மறந்தால் உதவும், தங்கச்சி."

"கத்தரிக்காய் பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

என்னிடம் ஒரு நாளும் கண்ணாடி இருந்ததில்லை. அது அவருக்குத் தெரியும்.