பிளுஃப்

தீவு வட்டார அகராதியின் 'பி' தொகுதி அச்சுக்குப் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. துணையாசிரியர் மெட்டாவின் மேசையில் பிறப்பு தெரியாத சொல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

'பிளுஃப்: காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை' என்றது சொல் அட்டை. லேசோ தீவில் பள்ளி ஆசிரியராக இருந்த மெட்டாவின் அப்பா எழுதி அனுப்பியது. சின்ன வயதில் மாலைகளில் அவள் கோப்பையிலிருந்து ஆடையைக் கரண்டியால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "பிளுஃப் போயிடுச்சு, இனி குடி" என்பார். அவர் இறந்து பதினொரு வருடம். அகராதிக்கு அவர் கொடுத்த சொல் இது ஒன்றுதான்.

"வேர் இல்லாததை எடுத்துடு மெட்டா," என்றார் பதிப்பாசிரியர் ஐவின்.

"வேர் இருக்கு," என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டாள். "ஜெர்மன். மாலுமிங்க கொண்டு வந்தது."

"மாலுமி எங்க பால் காய்ச்சினான்?"

"அப்ப... அதைவிடப் பழசு. பழைய நார்ஸ்."

அதுதான் தப்பு. வட நாடுகளின் ஆதிமொழியான பழைய நார்ஸின் பெயர் காதில் விழுந்ததும் பக்கத்து அறைச் சொல்லாய்வாளர் ஓலுஃப் காபியோடு வந்துவிட்டார். மதியத்துக்குள் பிளுஃபுக்கு ஓர் ஆட்டுத்தோலோடும் ஏதோ ஒரு பாசியோடும் சொந்தம் கண்டுபிடித்தார். வம்சாவளி ஒன்றரைப் பத்தி வளர்ந்தது.

"ஆயிரம் வருஷச் சொல்லு, ஐவின்," என்றார் ஓலுஃப்.

ஐவின் அதை முன்னுரையிலேயே சேர்க்கத் தயாரானார். "ஆனா அட்டை ஒண்ணுதான். இன்னொரு சாட்சி வேணும். தீவுல உனக்கு யார் இருக்கா?"

மெட்டாவுக்கு அங்கே இருந்தது பெட்ரினெ அத்தை மட்டும். தொண்ணூற்றொரு வயது. ஐவின் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அத்தை, பிளுஃப்னா என்ன?"

"பாலாடை. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

மெட்டாவுக்கு மூச்சு வந்தது. "தீவுல எல்லாரும் சொல்றதுதானே?"

"இப்ப சொல்றாங்க. உங்கப்பன் பள்ளிக்கூடத்துல சொல்லப்போயி பிள்ளைங்க பிடிச்சுக்கிச்சு."

"அவருக்கு எங்கிருந்து வந்தது?" ஓலுஃப் பேனாவைத் திறந்தார்.

அத்தை சிரித்தாள். "மூஞ்சியைக்கூடத் துடைக்காம பென்சில் தேடினானே அன்னைக்கு. ரெண்டு வயசுல நீ ஆடையை அவன் மூஞ்சியில துப்பினப்ப போட்ட சத்தம்டி அது."