கருவாட்டுப் பெட்டிக்குள் லப்டொப்

உலகத்தில் எந்தக் கள்ளனாலும் தன் லப்டொப்பைக் கண்டுபிடிக்க ஏலாது என்று லோஜன் உறுதியாக நம்பினான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியக் கம்பனியில் அவன் ஊழியர் பிரிவு அலுவலர். அங்கு வேலை செய்யும் எல்லாருடைய அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் வைத்திய அறிக்கையும் அவனுடைய லப்டொப்பில்தான். இன்னொரு கிளையில் ஒரு லப்டொப் களவு போனதும், மனேஜர் பாக்கியரத்தினம் கட்டளை போட்டார். எல்லாரும் லப்டொப்பைக் கணினிப் பிரிவு நஸ்ரியிடம் கொடுக்கவேண்டும். கடவுச்சொல் இல்லாத எவனும் ஒரு எழுத்தைக்கூட வாசிக்க முடியாதபடி அவன் பூட்டுப் போட்டுத் தருவான்.

லோஜன் கொடுக்கவில்லை.

"நஸ்ரி எல்லாற்ற சம்பளத்தையும் பாத்திடுவான்," என்றான் மனைவி மேனுஜாவிடம். லப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி, குசினியில் மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டிக்குள் வைத்து, மேலே கருவாட்டைப் பரப்பினான்.

"கள்ளனுக்கு மூக்கில்லையோ?"

"மூக்கு இருக்கிறபடியாத்தான் கிட்ட வரமாட்டான்."

"கருவாட்டுக்கெண்டே ஒருத்தன் வந்தா? பேசாமப் பூட்டைப் போடுங்கோவன்."

"உமக்கு இது விளங்காது, மேனு."

"ஓம், எனக்குக் கருவாடுதான் விளங்கும்."

சனிக்கிழமை சந்தைக்குப் போய் வந்து பார்த்தான். பெட்டி இல்லை. கையிலிருந்த மரக்கறிப் பை கீழே விழுந்தது. வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை, அத்தனை பேரின் முகத்தில் எப்படி முழிப்பது?

"மேனு, பெட்டியைக் காணேல்ல."

"நீங்கள் ஒளிச்ச இடத்தில இல்லையோ?" தேங்காய் துருவுவதை அவள் நிறுத்தவில்லை.

"பூட்டுப் போட்ட லப்டொப்தான் களவு போனதெண்டு சேருக்குச் சொல்லப்போறன்."

"அப்ப பூட்டு இருக்கெண்டு நினைச்சு ஆரும் ஒண்டும் செய்யமாட்டினம். உங்கட கம்பனி முத்தலிப் நானாவின்ர நெஞ்சு வருத்தத்தைக் கண்டவனும் வாசிப்பான்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே சாப்பிடேக்க சொன்னனீங்கள்."

லோஜன் கதிரையில் இருந்தான். பிறகு மனேஜருக்குப் போன் எடுத்தான்.

"சேர், என்ர லப்டொப் களவு போட்டுது. பூட்டுப் போடேல்ல. பிழை என்னிலதான்."

அந்தப் பக்கம் பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"லப்டொப் என்ர மேசையில இருக்கு, லோஜன். உங்கட மிஸிஸ் காலமை நஸ்ரியிட்டப் பெட்டியோட குடுத்துவிட்டவ. அவன் பூட்டுப் போட்டிட்டான். இந்தக் கருவாட்டை என்ன செய்யிறது?"

லோஜன் வாய் திறக்குமுன் குசினியிலிருந்து மேனுஜாவின் குரல் வந்தது.

"அது நஸ்ரிக்கெண்டு சொல்லுங்கோ. பூட்டுப் போட்ட கூலி."