பதினைந்து நாள் முந்திப் பிறந்தவள்

ஷாவ்சிங்,
1986 அக்டோபர் 9

மதிப்பிற்குரிய தாவ் அம்மா அவர்களுக்கு, டோஃபு கடை கே யொங்ஃபா பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

தங்கள் பிள்ளை ஹான்லின் பிறந்தது நாய் வருஷம், என் மகள் ஷுவேமெய் டிராகன் வருஷம், நாயும் டிராகனும் ஒரு வீட்டில் குடித்தனம் பண்ணாது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று போன வாரம் சொல்லியனுப்பினீர்கள். நியாயம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக முழுங்கி வைத்திருந்ததைக் கக்கிவிடுகிறேன் அம்மா: அவள் டிராகனே இல்லை, அதற்கு முந்தின வருஷத்து முயல். வருஷம் பிறக்கப் பதினைந்து நாள் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்து சிவப்பு முட்டை விருந்து வைத்தபோது டிராகன் வருஷம் வந்துவிட்டதா, வந்தவர்களெல்லாம் "டிராகன் பொறந்திருக்கு, குடுத்துவச்சவன்யா நீ" என்றார்கள், எனக்குள் மூன்று கிண்ணம் அரிசி மது போயிருந்தது, மண்டையை ஆட்டிவிட்டேன். ஆட்டின மண்டையை அப்புறம் நிறுத்த முடியவில்லை. தொப்பியில் டிராகன், கிண்ணத்தில் டிராகன். குழந்தையோ பட்டாசு வெடித்தால் டோஃபு வாளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பக்கத்து வீட்டு ஷென் கேலி செய்தால், இது சாதுவான டிராகன் என்று அடித்துவிடுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

நேற்று சோயா பொறுக்கிக்கொண்டே, அழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நான் எந்த வருஷம் பொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ப்பா?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. முயலும் நாயும் நல்ல பொருத்தம், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பொய் சொன்னவன் நான். ஊரே சிரிக்கட்டும், தாங்களும் திட்டுங்கள், அவளை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டிக்கொள்ளும்,
முயலின் தகப்பன்,
கே யொங்ஃபா

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கள் கடிதம் வந்தது. ஹான்லின் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவனும் வருஷம் பிறக்கும் முன்பே பிறந்தவன், உண்மையில் நாயில்லை சேவல், சேவலுக்கும் டிராகனுக்கும் அமோகப் பொருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, சேவலுக்கும் முயலுக்கும் ஏழாம் பொருத்தம்! இதைக் கிழித்துப்போடலாமென்று, டிராகன் டிராகன்தான் என்று வேறு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஷுவேமெய் இதையும் தங்கள் கடிதத்தையும் பிடுங்கிப் படித்தாள். "இதையே அனுப்புங்க. முயலும் சேவலும் சண்டை போட்டா போடட்டும்ப்பா, ஒரே வீட்டுல இருந்து போட்டுக்கறோம்" என்றாள். அவரை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள் என்றும் எழுதச் சொல்கிறாள்.